‘இசபெல்லா’வும் நம்மவர் காதுகளும்

தமிழ்மொழிக் கழகத்தின் ஆண்டு மலரில் மலாய் ராக் இசைக்குழுவைப் பற்றி ஒரு கட்டுரையா என்று இப்பக்கத்தைப் புரட்டும் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சங்க இலக்கியம் இருக்கிறது, பாரதி இருக்கிறார், மலேசியத் தமிழ்ச் சிறுகதை இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு, தலைமுடியை வளர்த்துக்கொண்டு கத்துகிறவர்களைப் பற்றி எழுத இவனுக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். கேட்கட்டும். முடிவில் தமிழிடம்தான் வந்து சேரப் போகிறேன். போகும் வழி மட்டும் ‘செர்ச்’ என்ற குழுவின் வாசல் வழியாகப் போகிறது.

நான் தம்போய்க்காரன். ஜொகூர் பாருவின் புறநகர் அது. தொழிற்சாலைகள், அடுக்குமாடி வீடுகள், விடியற்காலை நான்கு மணிக்கே சிங்கப்பூருக்குக் கிளம்பும் மோட்டார் சைக்கிள்கள். ஜொகூரில் மற்றவர்களுக்குத் தம்போய் என்றதும் நினைவுக்கு வருவது பெர்மாய் மனநல மருத்துவமனைதான். யாராவது ஏறுக்குமாறாகப் பேசினால் “உன்னைத் தம்போய்க்குத்தான் அனுப்பணும்” என்று கிண்டல் செய்வார்கள். நோயாளிகளை நினைத்தால் அது நல்ல கிண்டல் இல்லை. எங்களைக் கேட்டால், எங்களை எங்கே அனுப்புவார்கள்? நாங்கள்தான் ஏற்கெனவே அங்கேயே இருக்கிறோமே!

இந்த ஜொகூர் பாருவில்தான் 1981இல் செர்ச் குழு உருவானது. மலாய் ராக் இசையின் வரலாற்றை யார் எழுதினாலும் இந்தப் பெயரைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. ஏமியின் உச்சக்குரல், கிட், டின் இருவரின் கிட்டார்கள், நாசிரின் பேஸ், யாசிட்டின் டிரம்ஸ். இவர்களில் கிட் சீனர். இயற்பெயர் ஹிலரி ஆங். 1985இல் முதல் தொகுப்பு வெளிவந்தது. அதன் பெயர் ‘சிந்தா புவாத்தான் மலேசியா’. மலேசியாவில் தயாரான காதல் என்று சொல்லலாம். நாட்டின் முதல் சொந்தக் கார் புரோட்டோன் சாகா சாலைக்கு வந்ததும் அதே ஆண்டுதான். எது மலேசியத் தயாரிப்பு, எது இரவல் என்று நாடே பேசிக்கொண்டிருந்த நேரத்தில், டீப் பர்ப்பிளையும் ஸ்கார்ப்பியன்ஸையும் கேட்டு வளர்ந்த சில இளைஞர்கள் அதே கனத்த இசையை மலாயில் பாட முடியும் என்று காட்டினார்கள்.

இன்று இது சாதாரணமாகத் தெரியலாம். அன்று அப்படி இல்லை. ராக் என்றால் ஆங்கிலம் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். கிட்டாரை முறுக்கி வாசிப்பதற்கு மலாய்ச் சொற்கள் மென்மையானவை, உயிரெழுத்தில் முடிபவை, ஒட்டாது என்று சொன்னவர்கள் உண்டு. 1989இல் ‘ஃபெனோமெனா’ தொகுப்பு வந்தது. அதில் ‘இசபெல்லா’ இருந்தது. அதற்குப் பிறகு ஒட்டுமா ஒட்டாதா என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. கடல் தாண்டி இந்தோனேசியாவிலும் அந்தப் பாடல் பித்துப்பிடிக்க வைத்தது. மறு ஆண்டே ‘இசபெல்லா’ என்ற பெயரில் திரைப்படம் வந்தது. கதாநாயகன் ஏமி, கதாநாயகி இந்தோனேசிய நடிகை நியா சுல்கர்னாயின்.

1989இல் என் அப்பாவுக்குப் பதினாறு வயது. நான்காம் படிவம். வார இறுதியில் கார் கழுவும் கடையில் வேலை செய்து சேர்த்த பணத்தில் அந்த ஒலிநாடாவை வாங்கினாராம். இப்போதும் வீட்டில் இருக்கிறது. அட்டை மடிப்பில் கிழிந்து, செலோடேப் ஒட்டி, அந்த செலோடேப்பும் பழுத்துப் போய்விட்டது. நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலைச் செருகிச் சுற்றிச் சரிசெய்ய வேண்டும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். இந்தக் காலத்தில் அதனால் எந்தப் பயனும் இல்லை என்றாலும் கற்றுக்கொடுத்தார். இறுக்கமான ஜீன்ஸ், தோள்வரை முடி, வெள்ளைக் காலணி. தோட்டத்திலிருந்து பிழைக்க வந்த பாட்டிக்கு இதைப் பார்த்து வயிற்றெரிச்சல். “இவனைத் தம்போய்க்கு அனுப்பவும் வழியில்ல, வீட்டு வாசல்லதான் ஆஸ்பத்திரி” என்று அக்கம்பக்கத்தில் புலம்புவாராம்.

பாட்டியின் வேண்டுதல் 1992இல் பலித்தது. முடி வளர்த்த ராக் பாடகர்கள் அரசுத் தொலைக்காட்சியில் தோன்றக்கூடாது என்று அப்போதைய தகவல் அமைச்சர் முகமது ரஹ்மாட் தடை போட்டார். அவரும் ஜொகூர்க்காரர்தான், பூலாய் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். தடை என்றால் வருமானம் போயிற்று. கடைசியில் ஏமியும் விங்ஸ் குழுவின் அவியும் நாடே பார்க்கத் தலைமுடியைக் கொடுத்தார்கள். கத்தரிக்கோல் அமைச்சரின் கையில்! மறுநாளே பாட்டி அப்பாவைக் கையைப் பிடித்து முடிதிருத்தும் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார் என்பது எங்கள் குடும்ப வரலாறு. “அவங்களே வெட்டிக்கிட்டாங்க, உனக்கென்ன?” என்ற கேள்விக்கு அப்பாவிடம் பதில் இல்லை.

அமெரிக்காவில் மெட்டாலிக்கா குழுவினர் 1996இல் தாங்களாகவே முடியை வெட்டிக்கொண்டு ‘லோட்’ தொகுப்பை வெளியிட்டபோது பழைய ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். துரோகம் என்றார்கள். அங்கே வெட்டச் சொல்ல எந்த அமைச்சரும் இல்லை. இங்கே வெட்டச் சொன்னவரைத் திட்டினார்களே தவிர, வெட்டிக்கொண்டவர்களை ரசிகர்கள் கைவிடவில்லை. முடி போனாலும் குரல் இருக்கிறதே என்று நின்றார்கள். எனக்கு இந்த இடத்தில் நம் நாட்டு ரசிகர்கள் மேல் பெரிய மரியாதை.

‘ரோக் காப்பாக்’ என்று அந்தக் காலத்து மலாய் ராக் இசைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். காப்பாக் என்றால் கோடரி. கேலியாகச் சொன்னாலும் பெருமையாகச் சொன்னாலும் ஒரே பெயர்தான். அந்த ரசிகர்கள் யார்? பெரும்பாலும் தொழிற்சாலை ஊழியர்கள், லாரி ஓட்டுநர்கள், பள்ளியை முடித்தும் முடிக்காமலும் வேலைக்குப் போனவர்கள். மேல்தட்டுக்காரர்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் தங்கள் பணத்தில் தங்கள் மொழிக் குழுவின் ஒலிநாடாவை வாங்கியவர்கள் அவர்கள்தான். அதைவிடத் தரமான ஒலிப்பதிவுடன் வெளிநாட்டுத் தொகுப்புகள் பக்கத்து அடுக்கிலேயே இருந்தன. தெரிந்துதான் இதை வாங்கினார்கள். முதல் தொகுப்புக்கும் ‘இசபெல்லா’வுக்கும் இடையில் நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. அந்த நான்கு ஆண்டும் குழுவைச் சோறுபோட்டு வளர்த்தவர்கள் அவர்கள். அந்தக் கூட்டத்தில் என் அப்பாவைப் போன்ற தமிழர்களும் இருந்தார்கள் என்பதை நாம் ஏனோ எங்கும் எழுதி வைக்கவில்லை.

இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. பினாங்கைச் சேர்ந்த லோகநாதனும் டேவிட் ஆறுமுகமும் நம் வீட்டுப் பிள்ளைகள். அவர்களின் ‘அலிகேட்ஸ்’ மலாயில் பாடியது; மலாய்க்காரர்கள் தங்கள் குழுவாகவே கொண்டாடினார்கள். 2007இல் லோகா இறந்தபோது துக்கப்பட்டவர்களில் தமிழர்களைவிட மலாய்க்காரர்களே அதிகமாக இருந்திருப்பார்கள். அவர்கள் நம் பிள்ளைகளை ஏற்றுக்கொள்ளலாம் என்றால், நாம் செர்ச்சை எங்கள் ஊர்க் குழு என்று சொல்வதில் என்ன குற்றம்? தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன எனக்கு, முதல் நாள் வகுப்பில் மலாய் நண்பர்களோடு பேசுவதற்கு இருந்த ஒரே பொதுச் செய்தி அப்பாவின் ஒலிநாடாதான். என் மலாய் அப்போது பாடநூல் மலாய். அவர்களில் ஒருவன் கிட்டார் வைத்திருந்தான். கிட்டார் பழகுகிற எவனும் முதலில் பழகுவது ‘இசபெல்லா’. எனக்கு வரிகள் முழுவதும் மனப்பாடம். மீதியைச் சொல்லத் தேவையில்லை.

இதுவரை ரசிகர்களைப் புகழ்ந்தாயிற்று. இனி குறைக்கு வருகிறேன்.

செர்ச் 2006இல் ‘கோத்திக் மாலாம் எடான்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. அடுத்த தொகுப்பு ‘கத்தார்சிஸ்’ வந்தது 2017இல். பதினொரு ஆண்டு இடைவெளி! முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேடையில் நிற்கும் குழு, பழைய பாடல்களை மட்டும் பாடிக்கொண்டே வயிறு வளர்க்கலாம் என்ற நிலையில் இருந்த குழு, உட்கார்ந்து புதிதாக எழுதிப் பதிவுசெய்து ஒரு முழுத் தொகுப்பைக் கொடுக்கிறது. விசுவாசமான ரசிகர்கள் என்ன செய்திருக்க வேண்டும்?

எனக்கு அப்போது பதினான்கு வயது. பள்ளி நண்பன்தான் சொன்னான். குளுவாங்கில் இருந்த பாட்டியைப் பார்க்கக் காரில் போகும்போது கைத்தொலைபேசியை இணைத்துப் புதிய தொகுப்பைப் போட்டேன். அப்பா ஒன்றும் பேசாமல் இரண்டு பாட்டு கேட்டார். மூன்றாவது தொடங்கியது.

“எப்படிப்பா?”

“நல்லாத்தான் இருக்கு.” சற்று நேரம் கழித்து, “இசபெல்லா போடு.”

போட்டேன். குளுவாங் போய்ச் சேரும்வரை 1989தான் ஓடியது.

அப்பா மட்டுமல்ல. செர்ச் பற்றிப் பேச்சு வந்தால் அவர் வயதுக்காரர்கள் எல்லாரும் ஒரு பத்துப் பாடல்களின் பெயரைச் சொல்வார்கள். அதில் ஒன்றுகூட 2000க்குப் பிறகு வந்ததாக இருக்காது. இசை நிகழ்ச்சி என்றால் நுழைவுச்சீட்டு வாங்குவார்கள், கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போவார்கள், தொண்டை கிழியப் பாடுவார்கள். குழுவினர் “இது புதுப் பாட்டு” என்று அறிவித்தவுடன் கழிவறைக்கோ தண்ணீர் வாங்கவோ கிளம்பிவிடுவார்கள். இதற்குப் பெயர் விசுவாசமா? அவர்கள் விசுவாசமாக இருப்பது குழுவுக்கா, தங்கள் பதினாறு வயதுக்கா? அந்த வயது யாருக்கும் பிடித்தமானதுதான். ஆனால் பாட்டு எழுதுகிறவனுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. ஐம்பதைத் தாண்டியவன் ஐம்பதைத் தாண்டியவனாகப் பாட வேண்டாமா?

இந்த வாதத்தை அப்பாவிடம் வைத்தேன். அவர் சொன்ன பதில் எனக்குப் பயன்பட்டது. அவருக்கு எதிராகவே பயன்பட்டது. ஒலிநாடாவில் பிடித்த பாட்டை மட்டும் கேட்பது பெரிய தொல்லை. முன்னே ஓட்டி, நிறுத்தி, பின்னே ஓட்டி, அதற்குள் மின்கலம் தீர்ந்துவிடும். அதனால் வரிசையாகக் கேட்டுவிடுவதே சுலபம். அப்படிக் கேட்டதில், முதலில் பிடிக்காமல் இருந்த இரண்டாம் பக்கத்துப் பாடல்கள் ஒரு மாதம் கழித்துப் பிடித்துப் போயின. “இப்ப எனக்குப் பிடிச்ச பாட்டுல பாதி, மொதல்ல பிடிக்காத பாட்டுதான்டா” என்றார். அப்படியானால் ‘கத்தார்சிஸ்’க்கும் ஒரு மாதம் கொடுங்களேன் என்றேன். சிரித்துக்கொண்டே மோட்டார் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார்.

கருவி மாறியதில் பழக்கமும் மாறிவிட்டது என்பது என் எண்ணம். இப்போது விரல் வைத்தால் நேரே வேண்டிய பாட்டு. தெரியாத பாட்டைத் தாண்டிப் போக ஒரு நொடிகூடத் தேவையில்லை. தெரிந்ததையே மறுபடி மறுபடி கேட்பதற்கு இவ்வளவு வசதியான காலம் வேறு இருந்ததில்லை. இதில் அப்பாவின் தலைமுறையைவிட நம் தலைமுறைதான் மோசம். அவர்களுக்காவது ஒலிநாடா பொறுமையைக் கட்டாயப்படுத்திக் கற்றுக்கொடுத்தது.

இதற்கு நேர் எதிரான ரசிகர்களும் இருக்கிறார்கள். தம்போயிலிருந்து வெகு தொலைவில் இல்லை. காஸ்வே பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். அங்கே 1992இல் நம்மவர்கள் தொடங்கிய குழு ‘ருத்ரா’. பாடகரும் பேஸ் கிட்டார் கலைஞருமான கதிரும் டிரம்ஸ் வாசிக்கும் சிவாவும் அதன் தூண்கள். இவர்கள் வாசிப்பது செர்ச்சைவிடப் பலமடங்கு கனமான டெத் மெட்டல். பாடுபொருளோ வேதாந்தம். ‘வேதிக் மெட்டல்’ என்று தங்கள் இசைக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். முதல் தொகுப்பு 1998இல் வந்தது. பிறகு ‘பிரம்மவித்யா’ என்ற தலைப்பில் 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுப்புகள். தொடர்கதைபோல ஒன்றையொன்று தொடர்பவை. 2022இல் ‘எயிட் மகாவித்யாஸ்’. உறுமலும் இடிமுழக்கமுமாக ஓடும் இசையின் நடுவே திடீரென்று சமஸ்கிருத சுலோகம் வரும். என் பாட்டி கேட்டிருந்தால் கும்பிடுவதா காதைப் பொத்துவதா என்று குழம்பியிருப்பார்.

ருத்ராவின் ரசிகர் கூட்டம் சிறியது. விளையாட்டரங்கு நிறையாது. வானொலியில் வராது. ஆனால் ஒரு தொடரின் முதல் பகுதிக்கும் மூன்றாம் பகுதிக்கும் இடையில் ஆறு ஆண்டுகள் காத்திருந்தவர்கள் அவர்கள். அடுத்தது என்ன என்று கேட்கிற ரசிகர்கள் இல்லாமல் இப்படி ஒரு திட்டத்தை எந்தக் குழுவும் தொடங்கவே முடியாது. செர்ச்சுக்குப் பெரிய கூட்டம் இருக்கிறது, புதியதைக் கேட்கும் காது குறைவு. ருத்ராவுக்குக் கூட்டம் குறைவு, காது இருக்கிறது. ஒரு வருத்தம் மட்டும் உண்டு. ருத்ராவின் பாடல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் சமஸ்கிருதத்திலும் இருக்கின்றன. அது அவர்கள் எடுத்துக்கொண்ட பொருளுக்கு ஏற்ற தேர்வு; அதில் குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் மலாய் மொழிக்குச் செர்ச் செய்ததை இந்த வட்டாரத்தில் தமிழுக்கு யார் செய்தார்கள் என்று தேடும்போது, கனத்த கிட்டாரின் பக்கம் இடம் காலியாகவே தெரிகிறது.

ராப் இசையில் அந்த இடம் காலியாக இல்லை. 1998இல் ‘போயட்டிக் அம்மோ’ குழு பல மொழிகளைக் கலந்து தொகுப்பு வெளியிட்டபோது தமிழும் அதில் இருந்தது. அதே குழுவிலிருந்து வந்த யோகி பி, ‘நட்சத்திரா’வுடன் சேர்ந்து 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பைத் தந்தார். தமிழ்நாட்டுக்காரர்கள் மலேசியத் தமிழ்ப் பாட்டைத் திரும்பிப் பார்த்த நாள் அது. அதிலும் ஒன்றைக் கவனியுங்கள்: எல்லாருக்கும் முதலில் பிடித்துப்போன ‘மடை திறந்து’, 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்தின் இளையராஜா பாடலைத் தூக்கிப் பிடித்து எழுந்து நின்றது. கெட்டிக்காரத்தனமான வேலைதான், எனக்கும் மிகவும் பிடித்த பாட்டு. ஆனால் நம் காதுக்குள் நுழைய வேண்டும் என்றால் கோடம்பாக்கத்து நுழைவுச்சீட்டு வேண்டும் என்பதையும் அது காட்டிக்கொடுக்கிறது அல்லவா?

இப்போது நம் வீட்டுக்குள் வருகிறேன். என் நண்பன் ஒருவன் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். நால்வர் கொண்ட குழு வைத்திருக்கிறான். மூவர் தமிழர், டிரம்ஸ் வாசிப்பவன் மலாய்க்காரன். பாடல்கள் எல்லாம் தமிழில், எல்லாம் சொந்தமாக எழுதியவை. அதில் ஒன்று, விடியுமுன் காஸ்வேயில் வரிசைபிடித்து நிற்கும் மோட்டார் சைக்கிள்களைப் பற்றியது. மழைச்சட்டைக்குள் தூங்கி வழியும் அப்பன்களைப் பற்றியது. எந்தத் தமிழ்த் திரைப்படமும் இதைப் பாடியதில்லை; பாடவும் போவதில்லை. சென்னையில் இருக்கும் பாடலாசிரியருக்கு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைப் பற்றி என்ன கவலை? எழுதினால் நாம்தான் எழுத வேண்டும்.

ஒரு கலை இரவில் இந்தக் குழுவுக்கு இரண்டு பாட்டுக்கு இடம் கிடைத்தது. எந்த வளாகம், எந்த ஆண்டு என்பதெல்லாம் வேண்டாம். முதல் பாட்டு முடிந்தபோது பரவாயில்லை என்ற அளவுக்குக் கைதட்டல். இரண்டாவதாக அந்த மோட்டார் சைக்கிள் பாட்டு. பாதியிலேயே பின்வரிசையில் இருந்து “சினிமா பாட்டு பாடுங்க லா!” என்று குரல் வந்தது. பிறகு பல குரல்கள். அறிவிப்பாளர் மேடையோரம் நின்று கையால் சுருக்கச் சொல்லிச் சைகை காட்டினார். நண்பன் பாட்டை நிறுத்திவிட்டு, எல்லாருக்கும் தெரிந்த ஒரு திரைப்பாடலின் தொடக்கத்தைக் கிட்டாரில் தட்டினான். அரங்கமே எழுந்து ஆடியது. இறங்கி வந்தபோது அவன் கோபப்படவில்லை. “டிரம்ஸ்காரனுக்குத்தான் புரியல, ஏன் நிறுத்தினன்னு கேட்டான்” என்றான். தன் மொழியில் ஒரு குழு பாடினால் அதன் மக்கள் கேட்பார்கள் என்பது அந்த மலாய்ப் பையனுக்கு இயல்பான விஷயம். அவன் வளர்ந்தது செர்ச் கேட்ட வீட்டில்.

கூச்சல் போட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களில் பலர் என் நண்பர்கள். பொங்கல் விழா என்றாலும் பட்டமளிப்பு இரவு என்றாலும் திரைப்பாடலுக்குத்தான் ஆட வேண்டும் என்று நம்மைப் பாலர் பள்ளியிலிருந்தே பழக்கியிருக்கிறார்கள். திரையிசையைக் கேட்காதே என்று நான் சொல்ல வரவில்லை. இளையராஜாவைக் கேட்காதே என்று சொல்வதற்கு, தம்போய்க்காரன்தான் என்றாலும், எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. தமிழ்நாட்டிலேயே திரைக்கு வெளியே தமிழ் இசைக்கு இடம்பிடிக்கப் பாடுபடுகிறார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் சொல்லிலிருந்து பெயர் எடுத்துக்கொண்டு 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒன்றாகப் போட்டு, படத்தில் பாட முடியாததைப் பாடியது. கேட்க ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். தமிழ் காது மூடிக்கொண்ட மொழி இல்லை.

“உள்ளூர்ப் பாட்டு தரமாக இல்லையே, அதனால்தான் கேட்பதில்லை” என்பது வழக்கமாக வரும் பதில். நேர்மையாகச் சொன்னால் பாதி உண்மை. நண்பனின் குழுவில் பேஸ் கிட்டார் சில இடங்களில் தாளத்தைவிட்டு ஓடுகிறது; அவனுக்கே தெரியும். ஆனால் தரம் எங்கிருந்து வரும்? ‘சிந்தா புவாத்தான் மலேசியா’வை வாங்கியவர்கள் அதில் ‘இசபெல்லா’ இருக்கிறது என்று வாங்கவில்லை. அது இன்னும் எழுதப்படவே இல்லை. கேட்க ஆள் இருந்ததால் அடுத்ததை எழுதினார்கள். அதற்கடுத்ததையும் எழுதினார்கள். நாமோ முதல் பாட்டின் பாதியிலேயே ‘இசபெல்லா’ எங்கே என்று கேட்கிறோம். செர்ச் ரசிகர்கள் புதிய தொகுப்பைக் கேட்காதது குறை என்றேன். அந்தக் குறையைச் செய்வதற்கும் முதலில் முப்பது ஆண்டுகள் ஒரு குழுவோடு நின்றிருக்க வேண்டும். நமக்கு அந்தக் குறை செய்யும் தகுதிகூட இன்னும் வரவில்லை.

ஆகவே கழகத்தின் அடுத்த செயலவைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். கலை இரவில் அரை மணி நேரம் மாணவர்களின் சொந்தத் தமிழ்ப் பாடல்களுக்கு. ராக் என்றில்லை, எந்த இசையாக இருந்தாலும் சரி. திரைப்பாடலின் மெட்டில் வேறு வரி எழுதிக்கொண்டு வருவது கணக்கில் சேராது. நிகழ்ச்சியின் கடைசியில் எல்லாரும் கார் எடுக்கப் போகும் நேரத்தில் வைக்காமல், உணவு இடைவேளைக்கு முன்னால் வைக்க வேண்டும். அதே குழுவுக்கு மறு ஆண்டும் அதற்கு மறு ஆண்டும் இடம் கொடுக்க வேண்டும். ஒரு முறை வாய்ப்புக் கொடுத்துவிட்டோம் என்று கையைக் கழுவக்கூடாது. அந்த அரை மணி நேரம் யாரும் சினிமா பாட்டு கேட்டுக் குரல் கொடுக்கக்கூடாது என்று தீர்மானத்தில் எழுத முடியாது என்று செயலாளர் சொல்லிவிட்டார். பரவாயில்லை, அதை இங்கே எழுதிவிட்டேன்.

இம்மலரைப் படிக்கும் முன்னாள் மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் ஒலிநாடாக் காலத்தவர்கள். இரண்டாம் பக்கத்தையும் பொறுமையாகக் கேட்டுப் பழகியவர்கள். அரங்கின் முன்வரிசையில் எப்படியும் உங்களுக்குத்தான் இருக்கை ஒதுக்குகிறோம். அந்த அரை மணி நேரம் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தால் பின்வரிசைக்காரர்களும் சற்று அடங்கியிருப்பார்கள்.

என் அப்பாவை அழைத்திருக்கிறேன். மோட்டார் சைக்கிள் பாட்டின் ஒலிப்பதிவைப் போன மாதம் அவரிடம் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டார். “பேஸ் சரியில்ல” என்றார். இன்னொரு முறை போடச் சொன்னார்.

தீர்மானத்தை முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.